தங்கூசியில் கட்டிய காந்தம்

ஏணியை நான்தான் பிடிக்க வேண்டும் என்பார். என்னிடம் எட்டுப் பேர் வேலை செய்தார்கள். அவர்களில் யார் பிடித்தாலும் ஏற மாட்டார். கொந்தராத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவன் எவனோ, அவனுடைய கைதான் ஏணியிலும் இருக்க வேண்டும். முதல் தடவை எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கல்முனையில் இருபது வருடமாக எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவன், வயது ஐம்பத்திரண்டு, முப்பதுகூட ஆகாத ஒரு பெண் அதிகாரிக்கு ஏணி பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தெருவால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

“நான் என்னத்துக்கு மிஸ்? பாஸ் புடிப்பாரே,” என்றேன். பாஸ் என்றால் என்னுடைய தலைமை வேலையாள்.

“பாஸ் புடிச்சா நான் விழுந்திருவன் காக்கா. நீங்க புடிச்சா விழ மாட்டன்.”

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். சிரிக்காமல் சொன்னார். அவர் சிரித்து நான் கண்டது மொத்தமாக இரண்டு தரம் இருக்கும்.

அரசாங்கத் திணைக்களத்தில் அவர் தொழில்நுட்ப உத்தியோகத்தர்; எங்கள் வேலைகளைப் பரிசோதித்துக் கையேற்பவர். கறுப்பு அபாயாவுக்குள் தடித்த காற்சட்டை, காலில் ரப்பர் அடி வைத்த சப்பாத்து. ஏறுவதற்கு முன் அபாயாவின் கீழ்க்கரையைத் துணி காயப்போடும் கிளிப் இரண்டால் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக்கொள்வார். பெண்பிள்ளை கூரையில் ஏறுவதா என்று ஊரில் கதை வராமல் இருக்குமா? வந்தது. அதற்காக அவர் ஏறாமல் விடவில்லை; எந்தக் கூரையில் ஏறினாலும் மூன்றாவதாக ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டுதான் ஏறினார். கதைத்தவர்களுக்கு அதற்குப் பிறகு கதைக்க ஒன்றும் இருக்கவில்லை.

முகத்துக்கு நேரே எல்லோரும் மிஸ் என்போம். முதுகுக்குப் பின்னால் காந்த மிஸ். பழுதாய்ப்போன வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்றை, தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நூலில் கட்டி, கைப்பையில் வைத்திருப்பார். சோலார் பெனலைத் தாங்குகிற சட்டத்தில் ஸ்டெயின்லஸ் போல்ட்தான் போட வேண்டும் என்பது கடலோர வேலைகளுக்கான விதி. துத்தநாகம் பூசிய சாதாரண இரும்புப் போல்டும் புதிதில் அதே மாதிரித்தான் பளபளக்கும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் காந்தத்துக்குத் தெரியும்.

“நல்ல ஸ்டெயின்லஸும் கொஞ்சம் இழுக்கும் மிஸ்,” என்று ஒருமுறை என் கெட்டித்தனத்தைக் காட்டப் பார்த்தேன்.

“ஓம், இழுக்கும். ஆனா தொங்காது,” என்றார். காந்தத்தைப் போல்டில் வைத்துக் கையை விடுவார். விழுந்தால் நல்லது. தொங்கினால் ஆள் முடிந்தான். காந்தம் விழும்போது தங்கூசி அவருடைய விரலில் சுண்டும். அந்தச் சின்னச் சத்தத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற கொந்தராத்துக்காரர்களை நான் அறிவேன். நானும் நின்றிருக்கிறேன்.

“சொல்ல வேணாம், காட்டுங்க.” இதுதான் அவருடைய வாய்ப்பாடு. இதை வைத்து இறக்காமத்தில் அவர் செய்த வேலையை எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. வயல் விளைந்து அறுவடைக்கு நிற்கிற நேரம். யானைக்குப் போட்ட சோலார் மின்வேலியைக் கையேற்கப் போயிருக்கிறார். வேலியைப் போட்டவர் வெளியூர்க்காரர்.

“கரண்ட் முழுசா ஓடுது மிஸ்.”

“சொல்ல வேணாம், காட்டுங்க. தொடுங்க.”

வேலியால் மனிதருக்கு ஆபத்து இல்லை என்று காட்டச் சொல்கிறார் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டார். கம்பியை முழுக் கையாலும் பொத்திப் பிடித்து, வயல்காரர் எல்லோரையும் பெருமையாகப் பார்த்து, “பாருங்க, ஒண்டுமே செய்யல்ல!” என்றாராம். மிஸ் பேனையை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். வயல்காரர்கள் வயிறு நோகச் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் ஒருவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலிக்காரரை அடிக்க வந்தார். மிஸ்தான் குறுக்கே போய் நின்றாராம்.

நானும் சிரித்தேன். என்னுடைய முறை வருகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வருடம் அரசாங்கம் எங்கள் பக்கத்தில் பன்னிரண்டு பாடசாலைக் கூரைகளில் சோலார் போட முடிவெடுத்திருந்தது. அந்தந்தப் பிரதேசத்திலேயே இந்தத் தொழில் வளர வேண்டும், அங்கே பதிவு செய்த கம்பனிகளுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்பது கொள்கை. கொள்கை நல்ல கொள்கைதான். ஆனால் பன்னிரண்டு பாடசாலையையும் ஒரே டெண்டராகக் கட்டிக் கேட்டால் எங்களைப் போன்றவர்கள் எங்கே நிற்பது? அதற்கு வேண்டிய அனுபவச் சான்றிதழ் கொழும்பில் நாலைந்து பெரிய கம்பனிகளிடம்தான் இருந்தது. பாடசாலைக்கு ஒன்றாக, பன்னிரண்டு சின்ன டெண்டராகப் பிரிக்க வேண்டும் என்று திணைக்களத்துக்குள் குறிப்பெழுதி, அதற்காக மேலதிகாரிகளோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியது இந்த மிஸ்தான்.

விலை கோருவதற்கு முந்திய கூட்டத்தில் மேலதிகாரி ஒருவர் எங்கள் முன்னாலேயே அவருக்குச் சொன்னார். “சரி, பிரிச்சாச்சு. முதல் பாடசாலையில உங்கட ஆக்கள் வழுக்கினா, மிச்சப் பதினொண்டும் திரும்ப ஒரே டெண்டராப் போகும். பிறகு என்னட்ட வந்து நிக்கப்படாது.”

மிஸ் கையிலிருந்த நிபந்தனைகளைத் தொடர்ந்து வாசித்தார். அதில் ஒன்றை மட்டும் இரண்டு தரம் வாசித்தார். பரிசோதனையில் திணைக்களம் ஒரு பொருள் மாற்றத்தைக் கண்டுபிடித்தால் வேலை நிராகரிக்கப்படும். கையேற்பதற்கு முன்னால் கொந்தராத்துக்காரர் தானாகவே எழுத்தில் அறிவித்தால், திருத்துவதற்குப் பதினான்கு நாள் கொடுக்கப்படும். இரண்டாம் தரம் வாசிக்கும்போது தலையை நிமிர்த்தி எங்கள் பக்கம் பார்த்தார். நான் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் பாடசாலை எனக்குத்தான் கிடைத்தது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இரண்டு மாடிக் கட்டடம், மேலே தட்டையான கொங்கிரீட் கூரை, எட்டு வரிசைப் பெனல். ஊரில் தலை நிமிர்ந்து நடந்தேன் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஏழு வரிசை ஒழுங்காக முடிந்தது. எட்டாவது, கடல் பக்கத்து வரிசைக்கு வந்தபோது கொழும்பிலிருந்து வந்த ஸ்டெயின்லஸ் போல்டில் ஒரு பெட்டி குறைந்தது. கேட்டால் இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். கையளிக்கும் நாள் அதற்கு முன்னால் வந்துவிடும்.

ஒரு கடிதம் எழுதி நாள் கேட்டிருக்கலாம். முதல் வேலையிலேயே நாள் கேட்டான் என்ற பேர் வருமே என்ற வீம்பு. கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் நாகம் பூசிய போல்ட் இருபத்தைந்து வாங்கினேன். இருபத்துநாலு தேவை, ஒன்று கையிருப்புக்கு. வேலையாட்களை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே தனியாக ஏறிப் பூட்டினேன். பொழுது படுகிற நேரம். அவசரத்தில் ஒன்று கை தவறிக் கீழே மணலில் விழுந்தது. இறங்கித் தேடினேன், அகப்படவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். நல்ல போல்ட் வந்ததும், பெருநாள் முடிந்த கையோடு எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் செய்தேன்.

நோன்பு மாதம் அது. பரிசோதனைக்கு எந்த நேரம் வசதி என்று கேட்டிருந்தார்கள். பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு என்று எழுதிக் கொடுத்தேன். வெயிலில் காய்ந்து, தாகத்தில் வாடி வருகிற பெண்பிள்ளை. பொழுது பட்டு மஃரிப் வருவதற்குள் வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்ச வேண்டாமா? நாலைந்து வரிசை பார்ப்பார், மணியைப் பார்ப்பார், கையெழுத்தை வைத்துவிட்டு ஓடுவார். இதுதான் என் திட்டம். இன்னொரு கணக்கும் போட்டு வைத்திருந்தேன். நான் வழுக்கினால் அவருடைய பன்னிரண்டும் வழுக்கும். கண்டாலும் காணாத மாதிரி விடுவார் என்று நினைத்தேன்.

அன்றைக்கு வந்தவர் நேரே ஏணிக்கு வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். கடல் பக்கத்துச் சுவரடியில் ஒரு தரம் குனிந்தார். சப்பாத்துக்குள் மணல் போயிருக்கும் என்று நினைத்தேன். பிறகு பாடசாலைக் காவலாளியை மூன்றாவது ஆளாகக் கூப்பிட்டு, ஏணியை என்னிடம் கொடுத்து, ஏறினார்; பின்னால் நாங்கள் இருவரும் ஏறினோம்.

முதல் வரிசையிலிருந்து தொடங்கினார். ஒரு போல்டையும் விடவில்லை. வைப்பார், விடுவார், விழும், சுண்டும். அடுத்தது. கொங்கிரீட் சூடு சப்பாத்துக்குள்ளால் ஏறியது. எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அது நோன்பால் மட்டும் வந்ததல்ல. இரண்டாவது வரிசை முடிய என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“வேற ஏதும் சொல்ல இரிக்கா காக்கா?”

“இல்ல மிஸ். எல்லாம் சரி.”

நாலாவது வரிசை முடியத் திரும்பவும் அதே கேள்வி. அதே பதிலைச் சொன்னேன். நோன்பு பிடித்த வாயால் சொல்கிறேன் என்பது தெரிந்துதான் சொன்னேன். ஆறாவது முடிய மூன்றாம் முறை கேட்டார். என்ன இது, பொலிஸ் விசாரணை மாதிரி என்று எனக்குள் கோபம் வந்தது. கோபம் வந்தது நல்லதாய்ப் போயிற்று; பயம் வெளியே தெரியவில்லை.

ஏழாவது வரிசை முடிந்தபோது வெயில் தணிந்து, கூரையெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. காவலாளி பள்ளிவாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரந்தான் இரிக்கி.”

நான் இதற்காகவே காத்திருந்தேன். “மிஸ், நோன்பு திறக்கிற நேரமாகுது. வீட்ட போக வேணாமா? உம்மா பாத்துக்கிட்டு இரிப்பா. மிச்சம் ஒரு வரிசைதானே, அதுவும் இதே மாதிரித்தான்.”

“உம்மாதான் கஞ்சி காய்ச்சித் தந்து அனுப்பினா,” என்றார். பையைத் திறந்து பெரிய பிளாஸ்க் ஒன்றை எடுத்தார். நோன்பு திறக்க ஈத்தம்பழப் பொதி ஒன்று. பிறகு கப், ஒன்றல்ல, மூன்று. எனக்கும் காவலாளிக்கும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறார். அந்த மூன்று கப்பையும் கொங்கிரீட்டில் வரிசையாக வைத்தார். வீட்டுக்குப் போகிற எண்ணமே அவருக்கு இருக்கவில்லை.

உட்கார்ந்தார். பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே காந்தத்தை என்னிடம் நீட்டினார்.

“கடைசி வரிசைய நீங்க பாருங்க காக்கா. பாங்குக்குள்ள முடிச்சிரலாம்.”

“நானா?”

“ஓம். என்ட கை சோர்ந்து போச்சு.”

எட்டாவது வரிசை பதினைந்து அடி தூரத்தில் இருந்தது. போனேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு கஞ்சி ஊற்றுகிறார். காவலாளி கஞ்சியைப் பார்க்கிறார். இவ்வளவு சுலபமான சந்தர்ப்பம் இனிமேல் வராது. சட்டத்தில் நாலு தட்டுத் தட்டிவிட்டு வந்து, சரி மிஸ் என்று சொன்னால் முடிந்தது. அந்தச் சொல் வாயில் தயாராக இருந்தது.

அப்போது கீழே பார்த்தேன். பார்த்திருக்கத் தேவையில்லை. நேர் கீழே பிள்ளைகள் தண்ணீர் குடிக்கிற குழாயடி. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டட்டும் என்று தாழ்வாகக் கட்டிய ஆறு குழாய். கச்சான் காலம் வந்தால் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். அதற்குள் இந்தப் போல்டுகளை உப்பு தின்றிருந்தால், கழன்ற பெனல் போய் விழுவது அங்கேதான். இரண்டு மாதம் இந்தக் கூரையில் வேலை செய்திருக்கிறேன். அந்தக் குழாய்களை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. பெருநாள் கழித்து மாற்றுவேன் என்று சொன்னேனே, மாற்றியிருப்பேனா? கையெழுத்துக் கிடைத்த பிறகு எவன் ஏறுவான்? எனக்கு என்னைத் தெரியும்.

காந்தத்தை முதல் போல்டில் வைத்தேன். கையை எடுத்தேன். அது அப்படியே ஒட்டிக்கொண்டு, தங்கூசி காற்றில் ஆடியது. அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

“காந்தம் எங்க காக்கா?”

“தொங்குது மிஸ்.”

காவலாளி வாயைத் திறந்து என்னைப் பார்த்தார். மிஸ் கஞ்சிக் கப்பைக் கவனமாகக் கீழே வைத்தார்.

“எத்தின?”

“அந்த வரிசை முழுக்க. இருபத்திநாலு. நான்தான் போட்டன். வேலையாக்களுக்குத் தெரியா.”

பாங்கு ஒலித்தது. ஈத்தம்பழம் ஒன்றை என் கையில் வைத்தார். “முதல்ல நோன்பத் திறங்க,” என்றார். கஞ்சி குடித்து முடிந்ததும் வெள்ளைத் தாள் ஒன்றையும் பேனையையும் நீட்டினார். “இப்ப சொன்னத எழுதித் தாங்க. இன்னும் நான் கையேற்கல்ல.” அந்தக் கடைசி வசனத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே கேட்ட நிபந்தனை அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இருட்டுவதற்குள் முழங்காலில் தாளை வைத்து எழுதிக் கொடுத்தேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. காவலாளி சாட்சிக் கையெழுத்து வைத்தார்.

அந்தத் தாள் என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினான்கு நாள் கிடைத்தது. கொழும்புக்கு நானே போய்ப் பெட்டியைத் தூக்கி வந்து, பன்னிரண்டாம் நாள் எல்லாவற்றையும் மாற்றினேன். வேலை நிராகரிக்கப்படவில்லை. மிச்சப் பதினொன்றும் சின்ன டெண்டராகவே இருந்தது. நிந்தவூர், சம்மாந்துறை, காரைதீவுப் பக்கத்து ஆட்கள் எடுத்துச் செய்தார்கள். மிஸ்ஸை மட்டும் விளக்கம் கேட்டு இரண்டு தரம் கூப்பிட்டார்கள். முதல் வேலையிலேயே குறை வந்ததே என்று கேட்டார்களாம். குறையைக் கொந்தராத்துக்காரரே எழுதித் தந்தார் என்று என் கோணல் எழுத்தைக் காட்டியிருக்கிறார். அடுத்த வருடம் அவரை வேறு மாகாணத்துக்கு மாற்றினார்கள். என்னால்தானா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது.

ஆனால் அன்றைக்குக் கூரையிலிருந்து இறங்குவதற்கு முன்னால் நடந்த இன்னொன்றை யாரிடமும் சொன்னதில்லை. அவருடைய பெயரை இங்கே எழுதாமல் விட்டதும் அதனால்தான்.

காவலாளி கப்புகளைக் கழுவக் கீழே இறங்கி, ஏணியடியில் எங்களுக்காகக் காத்து நின்றார். மிஸ் தொங்கிய காந்தத்தைப் பிடுங்கி எடுத்துத் தங்கூசியைச் சுற்றினார். அபாயாவின் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து, என் உள்ளங்கையில் போட்டார்.

“இதையும் சேருங்க காக்கா. இருபத்தஞ்சு.”

மணல் ஒட்டிய போல்ட். பூட்டிய அன்று மாலை நான் தேடி அகப்படாமல் விட்டது. உடம்புச் சூடோடு இருந்தது. பின்னேரம் முழுக்க அவருடைய பைக்குள் கிடந்திருக்கிறது. குனிந்தது மணலைத் தட்டுவதற்கு அல்ல என்று விளங்கியது. அந்த இடத்தில் எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது.

“ஏற முந்தியே கண்டிட்டீங்க. பிறகு என்னத்துக்கு மிஸ் என்னை இப்பிடி ரெண்டு மணித்தியாலம் வெயில்ல வறுத்தீங்க? கண்டத அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா அது திணைக்களம் கண்டது ஆகியிரும் காக்கா,” என்றார். குரல் நடுங்கியது. கூரைக்கு ஏறியதிலிருந்து என்னைப் போலவே அவரும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “மூணு தரம் கேட்டன். இதுக்கு மேல எப்பிடிக் கேக்கிற?”

அவர் குனிந்து கிளிப் இரண்டையும் இறுக்கிக்கொண்டார்.

“நீங்க முதல்ல இறங்குங்க. இருட்டாகுது. ஏணியப் புடிக்கணும்.”

போல்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஏணியைப் பிடிக்கக் காவலாளி கையை நீட்டினார். நான் விடவில்லை.